பாந்தர்ஸ் இழந்த திடல்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு அருகே பிராண்டன் அரங்கில் ஸ்பீட்வே என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்த்த ஒரு வெள்ளிக்கிழமை மாலையைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் ஒரு பத்தியாவது படிக்கக் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடும்பத்துடன் பீட்டர்பரோவில் இருக்கிறேன். ஒரு கிடங்கில் இரவுப் பணி. உடன் வேலை பார்க்கும் ஆங்கிலேயப் பெரியவர் ஒருவர்தான் என்னை முதன்முதலில் பாந்தர்ஸ் அணியின் போட்டிக்கு அழைத்துச் சென்றார். அதன் பிறகு என் மகனுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. 2021ல் பாந்தர்ஸ் கோப்பையை வென்றபோது நாங்கள் இருவரும் அங்கே இருந்தோம். அன்று அவன் பென்சிலால் புள்ளிகளைக் குறித்த கையேடு இன்னமும் அவன் அலமாரியில் இருக்கிறது.

2023 அக்டோபரோடு எல்லாம் முடிந்துவிட்டது. 1970 முதல் போட்டி நடந்த கண்காட்சித் திடலை வீடு கட்டும் திட்டத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். அணிக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். பிரிட்டனில் இந்த விளையாட்டின் காலம் முடிந்துவிட்டது. கூட்டத்தில் பெரும்பாலோர் வயதானவர்கள். சத்தத்தைக் குறைக்க மின்சார வண்டிகளுக்கு மாறி, ஆறே ஆறு பெருநகர அணிகளை மட்டும் வைத்துக்கொண்டு, தொலைக்காட்சிக்காகவே நடத்தினால் ஒருவேளை பிழைக்கலாம். காயம்பட்ட வீரருக்குப் பதிலாக எதிரணிக்காரரையே ஒரு நாளுக்கு விருந்தினராக இறக்கும் விதியையும் ஒழிக்க வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இன்னொன்று. மகன் கிங்ஸ் லின் அணியின் போட்டிக்கு அழைத்துப்போகச் சொல்கிறான். இத்தனை ஆண்டுகள் எதிரணியாகப் பார்த்தவர்களின் அரங்கில் போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக்கு,
பீட்டர்பரோ வாசகர்
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் துயரம்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை படித்தபோது, நீங்கள் சொல்லும் காரணமும் நீங்கள் கண்ட நிகழ்வும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று தோன்றியது. விளையாட்டின் காலம் முடிந்துவிட்டது என்கிறீர்கள். ஆனால் உங்கள் அணி ஆள் வராமல் மூடப்படவில்லை, கோப்பையை வென்ற இரண்டே ஆண்டுகளில் காலடி மண்ணை இழந்தது. இவை இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு வேறு.

ஸ்பீட்வே பார்த்திராத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீள்வட்டத் தடத்தில் நான்கு பேர் இடச்சுற்றாக நான்கு சுற்றுகள் ஓட்டுவார்கள். வண்டிக்கு 500 சிசி எஞ்சின், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர், பிரேக் கிடையாது. உள்ளூர் அணியின் இருவர் சிவப்பு, நீல நிறத் தலைக்கவசம் அணிவார்கள். வெளியூர் அணிக்கு வெள்ளையும் மஞ்சளும். முதலில் வருபவருக்கு மூன்று புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசியாக வருபவருக்கு ஒன்றுமில்லை. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடியும் இந்த ஓட்டத்துக்கு ஹீட் என்று பெயர். ஒரு மாலையில் பதினைந்து ஹீட்டுகள்.

2016 கோடையில் கவென்ட்ரியில் தம்பி வீட்டில் தங்கியிருந்தபோது பிராண்டன் அரங்கில் நான் கண்டதில் முன்பு எழுதாமல் விட்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஹீட்டுக்கு முன்பும் வீரர்கள் தொடக்கக் கோட்டருகே வண்டியில் அமர்ந்தபடியே பூட்ஸ் காலால் மண்ணைக் கிளறி, பின்சக்கரத்துக்குப் பிடிமானம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கிளறிய குழியை அடுத்த ஹீட்டில் அதே இடத்துக்கு வந்தவர் காலால் தடவிப் பார்த்து, சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தினார். தொடக்கக் கோட்டின் குறுக்கே கட்டிய நாடா மேலே எழும்பியதும் நான்கு வண்டிகளும் ஒரே வளைவுக்குள் பாய்ந்தன. இடது காலின் இரும்புக் காலணி தரையில் உரச, பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்க, செம்மண் போன்ற கல்தூள் வேலியைத் தாண்டி எங்கள் மேல் கொட்டியது. எனக்கு முன்வரிசையில் இருந்த மூதாட்டி கையேட்டின் மேல் விழுந்த தூளைப் புறங்கையால் தட்டிவிட்டு, கட்டத்துக்குள் 3, 2, 1, 0 என்று எழுதிக்கொண்டே இருந்தார். உங்கள் மகனின் பென்சில் கையேட்டைப் பற்றிப் படித்ததும் அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டோடு பிராண்டனில் ஓட்டம் நின்றது. 1928ல் தொடங்கிய கவென்ட்ரி பீஸ் அணி, ஓலே ஓல்சன் போன்ற உலக சாம்பியன் ஓட்டிய அணி, 2018ல் ஒரு சீசன் மட்டும் லெஸ்டர் அரங்கில் ஒண்டியிருந்துவிட்டுக் களத்திலிருந்தே மறைந்தது. ஸ்விண்டன் ராபின்ஸ் 2019ல் சாம்பியன் ஆனார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒரு சீசன்கூட வாய்க்கவில்லை. 2020ல் பெருந்தொற்று குறுக்கிட்டது, அது தணிந்தபோது திரும்பி வருவதற்கு ஓட்டத்துக்குத் தகுந்த அரங்கம் இல்லை. உல்வர்ஹாம்டன் அணிக்கு உங்களுக்கு நேர்ந்த அதே ஆண்டில் அதே கதி. அவர்கள் ஓட்டிய மான்மோர் கிரீன் அரங்கம் நாய்ப் பந்தயத்துக்கு உரியது. அதை நடத்தும் நிறுவனம் 2023க்குப் பிறகு ஸ்பீட்வேக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. 2023ல் மேல்நிலை லீகில் ஏழு அணிகள் இருந்தன. அந்த ஏழில் இரண்டு ஒரே ஆண்டில் தரையை இழந்தன என்றால், அதை ரசனை மாறியதன் விளைவு என்று எப்படிச் சொல்ல முடியும்? இது குடியிருந்தவரை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன கதை.

இதன் வேர் பழையது. 1926ல் மான்செஸ்டரின் பெல் வூவில் நாய்ப் பந்தயம் தொடங்கி, இரண்டொரு ஆண்டுகளில் நாடெங்கும் நீள்வட்ட அரங்குகள் முளைத்தன. எப்பிங் காட்டில் ஹை பீச் என்ற இடத்தில் 1928 பிப்ரவரி 19 அன்று நடந்த ஓட்டத்தைத்தான் பிரிட்டிஷ் ஸ்பீட்வேயின் தொடக்கமாகப் பலரும் கொள்கிறார்கள். அதைத் தொடர்ந்து புறப்பட்ட அணிகளுக்குத் தடம் போட ஆயத்தமான இடமாக இந்த நாய்ப் பந்தய அரங்குகளே அமைந்தன. நிலம் வாங்கும் செலவின்றி ஒரே ஆண்டில் நாடு முழுவதும் பரவ முடிந்தது அதனால்தான். ஆனால் அன்றைக்குக் கிடைத்த அந்த வசதியே பிற்காலத்தில் பெரும் பலவீனமாக முடிந்தது. நகரம் விரிந்து அரங்கம் நிற்கும் மண்ணின் விலை ஏறியபோது, வாரத்தில் ஒரு மாலை மட்டும் வந்து போகும் வாடகைக்காரருக்குப் பேசுவதற்கு வாயே இல்லாமல் போயிற்று.

நம் சென்னையிலும் இதற்கு ஓர் இணை உண்டு. சோழவரத்தில் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடத்திவந்த மோட்டார் விளையாட்டுக் கழகம், இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக இடம் தேடித் தடம் அமைத்து 1990ல் அங்கே குடிபெயர்ந்தது. இன்றும் அங்கே பந்தயம் நடக்கிறது. சோழவரத்தையே நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் யோசனைகளுக்கு வருகிறேன். மின்சார வண்டியால் சத்தம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் திடலைப் பறித்தது சத்தம் அல்லவே. சத்தம் நிஜமாகவே வழக்கான இடம் ஒன்று உண்டு. அது உங்களுக்கு வெகு தொலைவில் இல்லாத மில்டன்ஹால். 1970களிலிருந்து ஓட்டம் நடந்துவந்த அரங்குக்கு அருகே ஒரு தம்பதியர் 2006ல் வீடு வாங்கினார்கள். பிறகு இரைச்சல் தாங்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். 2014ல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரங்கம் முந்தியது, வீடு வாங்கியவர் பிந்தியவர் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. அந்தத் தம்பதியரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை; தன் வீட்டில் அமைதி வேண்டும் என்று கேட்பது நியாயமே. என் கோபமெல்லாம், அரங்கைச் சுற்றி வீடு கட்ட அனுமதிக்கும்போது பின்னால் வரப்போகும் இந்தச் சண்டையை எண்ணிப் பார்க்காத திட்டமிடல்மீதுதான். 2018ல் இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கை திருத்தப்பட்டு, ஏற்கெனவே இயங்கும் இடத்தின் அருகே புதிதாகக் கட்டுபவரே அந்த இடையூறுக்கு வழி செய்ய வேண்டும் என்ற கருத்து சேர்க்கப்பட்டது. நல்ல திருத்தம், பல அரங்குகளுக்குப் பிந்தி வந்த திருத்தம்.

ஆறு பெருநகர அணிகள் என்ற யோசனையை நான் முற்றிலும் மறுக்கிறேன். அப்படிச் செய்தால் முதலில் காணாமல் போவது உங்கள் பாந்தர்ஸ் போன்ற அணிதான். 2021ல் கோப்பையை வென்றவர்களை நினைத்துப் பாருங்கள். ஸ்காட் நிக்கோல்ஸும் பியார்னே பெடர்சனும் நாற்பதைத் தாண்டியவர்கள், ஹான்ஸ் ஆண்டர்சன் நாற்பதை எட்டியவர், கிறிஸ் ஹாரிஸ் 2007ல் உலகப் பட்டத் தொடரின் ஒரு சுற்றான கார்டிஃப் கிராண்ட் பிரிக்ஸை வென்றவர். ஓய்வு பெறும் வயது என்று எல்லோரும் ஒதுக்கிய இவர்களோடு ஜோர்டன் பாலின் என்ற பதின்ம வயது இளைஞரையும் சேர்த்துக்கொண்டு, இறுதிப் போட்டியில் பெல் வூ அணியையே வீழ்த்தினார்கள். தொலைக்காட்சிக்காக உருவாக்கும் அணியில் இப்படி ஒரு கூட்டுக்கு இடம் கொடுப்பார்களா? சிறிய ஊரில், மண்ணின் குணத்தை விரல்நுனியில் வைத்திருக்கும் மூத்தவர்களிடம் ஒரு பையன் வளைவைக் கற்றுக்கொள்வதால்தான் இந்த விளையாட்டில் அடுத்த தலைமுறை உருவாகிறது.

விருந்தினர் விதியைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுமனதுடன் ஏற்கிறேன். சென்ற வாரம் நம் வீரரை வேலியோரம் நெருக்கியவர் இந்த வாரம் நம் சட்டையை அணிந்து வந்து நிற்கும்போது, அவருக்காகக் கைதட்டும் கை பாதியில் நின்றுவிடுகிறது. ஆனால் அந்த விதி எதனால் பிழைத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஏழு பேர் கொண்ட அணியில் முதன்மையான ஒருவர் தோள்பட்டை முறிந்து படுத்துவிட்டால், அந்தத் தரத்தில் சும்மா இருக்கும் வீரர் நாட்டிலேயே கிடைப்பதில்லை. ஒருவரே மேல்நிலை லீகில் ஓர் அணிக்கும் அடுத்த நிலையில் வேறோர் அணிக்கும் ஓட்டுகிறார். முன்னணி வீரர்களில் பலர் போலந்து தரும் பணத்துக்காக அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ஓட்டக் கற்றுக்கொள்ளும் தடங்கள் குறையக் குறைய வீரர்களும் குறைகிறார்கள். அப்போது விருந்தினரைக் கூப்பிடாமல் போட்டியே நடத்த முடியாது என்ற நிலை வருகிறது. இதுவும் சுற்றிச் சுற்றி நிலத்திலேயே வந்து நிற்கிறது.

போலந்தைச் சொன்னதால் ஒரு வார்த்தை. டோருன் நகரில் 2009ல் திறந்த மோட்டோஅரேனா நகராட்சியின் சொத்து. பல முறை உலக சாம்பியனான பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் போன்றவர்கள் அந்த நாட்டில் உருவாவதற்கு, ஊர் தன் அணிக்குத் தரை கொடுப்பது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். பிரிட்டனிலும் அது நடந்திருக்கிறது. மான்செஸ்டர் மாநகராட்சியின் துணையோடு 2016ல் பெல் வூவுக்குத் தேசிய ஸ்பீட்வே அரங்கம் எழுந்தது. திறப்பு நாளில் வளைவுகளின் மண் சரியாக அமையாததால் போட்டியையே ரத்து செய்ய நேர்ந்தது; ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் ஸ்பீட்வேக்கென்றே கட்டிய அரங்கம் என்பதால் மண்ணைத் திருத்திக்கொள்ள முடிந்தது. 2021ல் அதே அரங்கில்தான் பிரிட்டன், நாடுகளுக்கிடையேயான ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் பட்டத்தை வென்றது.

ஆக்ஸ்ஃபோர்டை இன்னும் நெருக்கமாகப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் உங்களுக்கு நம்பிக்கை தரக்கூடியது அதுதான். அங்கே 2007ல் ஸ்பீட்வே நின்றது. 2012ல் அரங்கமே மூடப்பட்டது. வீடு கட்டும் திட்டமும் வந்தது. நகர மன்றம் அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்ததால் இடிக்க முடியாமல் போயிற்று. பத்து ஆண்டுகள் புல் முளைத்துக் கிடந்த இடத்தில் 2022ல் மறுபடியும் நாடா எழும்பியது. பிராண்டனுக்கும் 2022ல் ஒரு நல்ல செய்தி வந்தது. ரக்பி நகர மன்றம் அங்கே வீடு கட்டும் விண்ணப்பத்தை நிராகரித்தது. ஓட்டம் இன்னும் திரும்பவில்லை என்றாலும், கூட்டம் கூட்டி, ஆவணம் திரட்டி, ஆறேழு ஆண்டுகள் விடாமல் மன்றத்தின் கதவைத் தட்டிய ரசிகர்கள் இல்லாவிட்டால் அந்த நிராகரிப்பும் வந்திருக்காது.

ஆகவே உங்கள் கடிதத்தின் இரண்டாம் பாதியை எனக்கு எழுதியதைவிட, உங்கள் நகர மன்ற உறுப்பினருக்கு எழுதியிருந்தால் பயன் அதிகம். விளையாட்டு விதிகளை விட்டுவிடுங்கள். மாற்று இடம் எங்கே என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். இரவுப் பணி முடித்து வந்து உட்கார்ந்து எழுதுவது எளிதில்லை என்று தெரியும். இருந்தாலும் அந்த ஊரில் வரி கட்டுபவர் நீங்கள், அங்கே வளர்பவன் உங்கள் மகன். கேட்கும் உரிமை முழுமையாக உங்களுக்கு உண்டு.

கிங்ஸ் லின் செல்வதைப் பற்றி: தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். சாலை வழியே ஒரு மணி நேரப் பயணம்தானே. பாந்தர்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டே போகலாம். அங்கே யாருக்காகவும் கைதட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பாந்தர்ஸுக்கு ஓட்டியவர்களில் சிலர் இப்போது வேறு அணிகளின் நிறத்தில் வருவார்கள், அவர்களுக்காகத் தட்டுங்கள். நுழைவாயிலில் ஒரு கையேடு வாங்கி, மகனிடம் பென்சிலைக் கொடுத்துவிடுங்கள். அன்று அவன் நிரப்பிய பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினால் மகிழ்வேன்.

அன்புடன்.