நடுப்பாத மூட்டை ஒட்டவைத்தால் கால் கட்டையாகிவிடுமா?

கேள்வி: எனக்கு 54 வயது, சர்க்கரை உண்டு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. முன்பு பஸ் படியில் கால் பிசகியது. இப்போது வலது பாதத்தின் மேலே எலும்பு புடைத்து, மாடி ஏறினால் உயிர் போகிறது. நடுப்பாத மூட்டு தேய்ந்துவிட்டது, ஆபரேஷனில் ஒட்டவைக்கலாம் என்கிறார்கள். கால் கட்டையாகிவிடாதா? முழங்கால் மாதிரி மூட்டு மாற்ற முடியாதா?

பதில்: அந்தப் பயம் வேண்டாம் அம்மா. கட்டை விரலிலிருந்து மூன்றாவது விரல் வரைக்குமான நடுப்பாத மூட்டுகள் நல்லா இருக்கும்போதே கொஞ்சம்தான் அசையும், அதனால் தேய்ந்த குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, எலும்புகளைச் சேர்த்து பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு ஒன்றாக வளரவிட்டால் நீங்கள் இழப்பது குறைவு. கணுக்கால் வழக்கம்போல மடங்கும். சுண்டுவிரல் பக்க மூட்டுகள்தான் நல்லா அசைபவை, அவற்றைப் பெரும்பாலும் ஒட்டமாட்டார்கள். முழங்காலுக்கு மாதிரி செயற்கை மூட்டு இந்த இடத்துக்கு இன்னும் வழக்கத்தில் இல்லை. செருப்பு வார் உரசுகிற புடைப்பில் மட்டும்தான் வலி என்றால் அதைச் செதுக்கினாலே போதும். ஆனால் உங்களுக்குப் படியேறும்போது வலிக்கிறதே, அது உள்ளே மூட்டில் இருந்து வருகிற வலியாகத் தெரிகிறது.

ஆனால் அவசரப்படாதீர்கள். வளைகிற ரப்பர் செருப்பை விட்டுவிட்டு, அடி வளையாத, முன்பக்கம் லேசாக மேலே தூக்கிய ஷூ போட்டுப் பாருங்கள். பலருக்கு இதிலேயே வலி நன்றாகக் குறைகிறது. நின்றபடி எக்ஸ்ரே எடுத்தார்களா? ஸ்கேன் பார்த்து மூட்டுக்குள் ஊசி போட்டால் வலியும் தணியும், எந்த மூட்டு என்பதும் தெரியும்.

ஆபரேஷன்தான் என்று முடிவானால், 6 முதல் 8 வாரம் அந்தக் காலை ஊன்றவே கூடாது, அப்புறம் சில வாரம் பாதத்தை அசையாமல் பிடிக்கிற மருத்துவ பூட்ஸ், வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம். நம்ம பக்கத்து வீடுகளில் மாடிப்படி குறுகலாக, செங்குத்தாக இருக்கும், வாக்கர் திரும்பவே இடமிருக்காது. கீழ்த்தளத்தில் சொந்தக்காரர் வீடு, வெஸ்டர்ன் டாய்லெட், கடையில் லீவு, இவற்றை முதலில் பேசி வையுங்கள். கட்டுப்படாத சர்க்கரையில் புண் ஆறாது, எலும்பு ஒட்டாமலும் போகலாம். மூன்று மாத சர்க்கரை சராசரி டெஸ்ட் (HbA1c) பார்த்த பிறகே ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்கள். செலவு கவலை என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள்.