பிரேசில் மீன் குழம்பு: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: பிரேசிலின் மொக்கேக்கா மீன் குழம்பை வீட்டில் செய்ய ஆசை. எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் 'தெந்தே எண்ணெய்' வேண்டும் என்கிறார்கள். இணையத்தில் அதன் விலை பயமுறுத்துகிறது. அதுவும் பாமாயில்தானாமே! ரேஷன் கடைப் பாமாயிலை ஊற்றினால் ஆகாதா?
- வாசகி, சென்னை

பதில்: ஆகாதும்மா. இரண்டும் ஒரே எண்ணெய்ப்பனையின் பழத்திலிருந்து வருபவைதான். ஆனால் ரேஷன் கடைக்கு வருவது சுத்திகரித்த எண்ணெய். நிறம், மணம், ருசி மூன்றையும் நீக்கிய பிறகுதான் அது பாக்கெட்டுக்குள் போகிறது. தெந்தேயில் நாம் தேடுவதே அந்த மூன்றையும்தான். பழத்தின் சதையைப் பிழிந்து அப்படியே எடுப்பதால் கரோட்டின் நிறைந்து செக்கச்செவேல் என்று இருக்கும். அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களின் சமையலிலிருந்து அது பாஹியா மாநிலத்துக்கு வந்தது. அங்கே அது இல்லாமல் மொக்கேக்காவும் இல்லை, தெருவில் பொரித்து விற்கும் அக்கராஜேயும் இல்லை.

ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் எந்த மொக்கேக்கா செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பாஹியா முறையில் தெந்தே, தேங்காய்ப் பால், குடைமிளகாய் மூன்றும் உண்டு. அதற்குத் தெற்கே உள்ள எஸ்பிரித்தோ சாந்தோ மாநிலத்தில் இந்த மூன்றும் கிடையாது. தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, ஆலிவ் எண்ணெய், நிறத்துக்கு உருகூம் விதை, அவ்வளவுதான். எங்கள் மொக்கேக்காதான் மொக்கேக்கா, மற்றதெல்லாம் வெறும் மீன் குழம்பு என்று அந்த ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். முதல்முறை செய்பவருக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். எண்ணெய்ச் செலவு மிச்சமாவது மட்டுமல்ல, மீனின் ருசியும் தனியாகத் தெரியும். தெந்தே இல்லாமல் பாஹியா முறையைப் பாதியாகச் செய்வதைவிட இதை முழுதாகச் செய்வது மேல்.

உருகூம் என்பது அன்னாட்டோ. நம் ஊர்ப் பாக்கெட் உணவுகளில் நிறமி எண் 160பி என்று போட்டிருப்பார்களே, அதே பொருள். விதையாகவே வாங்குங்கள். 'கொலொராவ்' என்ற பெயரில் வரும் பொடியில் சோள மாவோ மரவள்ளி மாவோ பெரும்பங்கு கலந்திருக்கும். விதையை இளஞ்சூட்டு எண்ணெயில் போட்டு, நிறம் இறங்கியதும் வடிகட்டிவிட்டால் போதும்.

இல்லை, பாஹியா முறைதான் வேண்டும் என்றால் சின்னப் பாட்டிலாக வாங்குங்கள். ஒரு கிலோ மீனுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் தாராளம். லேபிளில் 'சுத்திகரிக்காத செம்பனை எண்ணெய்' என்ற பொருளில் எழுதியிருக்க வேண்டும். வெறும் 'பாமாயில்' என்றால் வேண்டாம். பாதி உறைந்தோ, இரண்டு அடுக்காகப் பிரிந்தோ வந்தால் கெட்டுப்போனதாக நினைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள், அதன் இயல்பே அப்படித்தான். பாட்டிலை வெந்நீரில் நிறுத்தினால் இளகிவிடும்.

நிறத்தை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது. செம்பனை எண்ணெயில் 'சூடான்' என்ற தொழிற்சாலைச் சாயத்தைக் கலந்து சிவப்பைக் கூட்டும் மோசடி உண்டு. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல், இறக்குமதியாகும் பனை எண்ணெயில் இந்தச் சாயம் இல்லை என்ற சோதனை அறிக்கையைக் கட்டாயமாக்கியது. எனவே முத்திரை உடையாத பாட்டில், தொகுதி எண், இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு பாட்டிலில் ஊற்றி விற்பதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். இன்னொன்று, இந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. விருந்துக்கு வைத்துக்கொள்ளலாம், தினசரிச் சமையலுக்கு வேண்டாம்.

தேங்காய்ப் பாலை டின்னில் வாங்கவே வேண்டாம். ஒரு தேங்காயைத் துருவிப் பிழிந்த முதல் பால் போதும். கடைசியில் ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கிவிடுங்கள். மீனுக்கு வஞ்சிரம், கொடுவா, களவா மூன்றில் எது புதிதாகக் கிடைக்கிறதோ அது. விரலளவு தடிமனாக நறுக்கச் சொல்லுங்கள். உறைந்த பாசா மலிவுதான், ஆனால் கரைந்து கூழாகிவிடும். செயலியில் வாங்கினால் மொத்த எடையைப் பார்க்காமல் சுத்தம் செய்த பிறகான எடைக்கு விலையைக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: வேலைக்காக சாவ் பாலோ வந்திருக்கிறோம். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் 'கசாவ்' என்று முள்ளில்லாத மீன் துண்டு விற்கிறது. மற்ற மீன்களைவிட விலை குறைவு. குழந்தைக்கு நல்லது என்று வாங்கி வருகிறேன். சரிதானே?
- வாசகர், சாவ் பாலோ

பதில்: நிறுத்திவிடுங்கள் என்றே சொல்வேன். அது சுறா. பிரேசிலிலேயே பிறந்து வளர்ந்த பலருக்கும் கசாவ் என்றால் சுறா என்று தெரியாது. முள்ளில்லை, துண்டு உடையாது, குழம்புக்கு வசதி என்று அதையே மொக்கேக்காவுக்கு வாங்குகிறார்கள். எந்த வகைச் சுறா என்று பொதுவாக லேபிளில் இருக்காது. அழிவின் விளிம்பில் இருக்கும் வகையா என்று வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை.

குழந்தைக்குத்தான் முக்கியக் கவலை. பெரிய மீன், சின்ன மீனைத் தின்று பல வருடம் வாழும்போது உடலில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சிறு குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சுறாவை வைத்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுக்கும் நம் வழக்கத்தையும் இந்தத் தகவலோடு சேர்த்து யோசிக்க வேண்டும். முள்தான் பயம் என்றால் திலாப்பியா ஃபிலே வாங்குங்கள், அங்கே தாராளமாகக் கிடைக்கும். உறைந்த பாக்கெட்டாக இருந்தால், மேலே பூசிய பனிக்கட்டியின் எடையை நிகர எடையில் சேர்க்கக் கூடாது என்பது பிரேசில் விதி. சந்தேகம் வந்தால் பனியைக் கழுவி நீக்கிவிட்டு நிறுத்துப் பாருங்கள். குறைந்தால் புரோகான் என்ற நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: மொக்கேக்கா வைக்கும் சட்டி, எஸ்பிரித்தோ சாந்தோவின் தலைநகரான விட்டோரியாவின் கறுப்பு மண்சட்டி, வெளிநாட்டுத் தளம் ஒன்றில் விற்பனைக்கு இருக்கிறது. வரவழைக்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: அந்தச் சட்டியின் பெருமையில் சந்தேகமே இல்லை. விட்டோரியாவின் கொயாபெய்ராஸ் பகுதிப் பெண்கள் சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்து, திறந்தவெளி நெருப்பில் சுட்டு, சூட்டோடு சூடாக அலையாத்தி மரப்பட்டைச் சாற்றை அடித்துக் கறுப்பாக்குகிறார்கள். 2002-இல் பிரேசிலின் தேசியப் பண்பாட்டு மரபாக அந்தக் கைத்தொழில் பதிவானது. அந்தப் பக்கம் போனால் வனைந்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். மதுரைக்குக் கப்பலில் வரவழைப்பது வேண்டாம். சுங்கமும் அனுப்பும் கூலியும் சேர்ந்து சட்டியின் விலையைத் தாண்டலாம், உடையாமல் வரும் என்ற உறுதியும் இல்லை.

நம் மண்சட்டியே போதும். ஆனால் புதிதாக ஒன்று வாங்குங்கள். புளிக்குழம்பு வைத்துப் பழகிய சட்டியில் அந்த வாசம் ஊறியிருக்கும், மொக்கேக்காவின் மென்மையான ருசியை அது அமுக்கிவிடும். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். கறுப்புச் சட்டி என்றால் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் ஒட்டினால் அது பூச்சு, வாங்க வேண்டாம். மற்றபடி கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்குவது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

கேள்வி: மொக்கேக்காவோடு சாப்பிடும் 'பிராவ்' என்ற களி செய்ய மரவள்ளி மாவு வாங்கினேன். கிண்டியதும் பசை மாதிரி ஆகிவிட்டது. மாவு கலப்படமா?
- வாசகர், கோவை

பதில்: கலப்படம் இல்லை, நீங்கள் வாங்கியது மரவள்ளி ஸ்டார்ச். வெள்ளை வெளேரென்று, விரலில் தேய்த்தால் வழவழவென்று வழுக்குமே, அதுதான். பிராவுக்கு வேண்டியது 'ஃபரின்யா'. கிழங்கைத் துருவிப் பிழிந்து வறுத்த ரவை போன்ற பொருள். ஆப்பிரிக்கப் பொருட்கள் விற்கும் தளங்களில் 'காரி' என்ற பெயரில் கிடைப்பதும் ஆகும், லேசாகப் புளிக்கும். மீன் சாற்றைச் சிறு தீயில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். வாங்கிய ஸ்டார்ச்சைக் கொட்டிவிடாதீர்கள், மீன் பொரிக்க மேல்மாவாக வைத்துக்கொள்ளலாம். விற்பனைப் பக்கத்தில் 'ஃபரின்யா' என்று போட்டுவிட்டு ஸ்டார்ச்சை அனுப்பியிருந்தால் மட்டும் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் அந்தப் பக்கத்தையும் பாக்கெட்டையும் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.