பந்தல் பைப்பும் தொரட்டிக் கம்பமும்: முனைக்கு முனை இணைப்பது எப்படி?

கேள்வி: கொடிக் காய்கறிக்குப் போட்ட பந்தலில் 3 மீட்டருக்கு ஒரு தூண் நட்டு, மேலே ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை 30 மீட்டர் நீளத்துக்கு ஓட விட்டிருக்கிறேன். 6 மீட்டர் பைப்புகளை மரை போட்டுச் சாக்கெட்டால் இணைத்தேன். காய் பிடித்துப் பாரம் ஏறியதும் இரண்டு இடத்தில் சாக்கெட்டை ஒட்டியே பைப் ஒடிந்துவிட்டது. வெல்டு வைத்துப் பார்த்தேன், அந்த இடம் துருப்பிடித்து மறுபடி விரிசல் விடுகிறது. எப்படித்தான் இணைப்பது? இன்னொன்று: பழம் பறிக்கும் 3 மீட்டர் அலுமினியக் கம்பத்தோடு இன்னொரு 3 மீட்டர் கம்பத்தைச் செருகிப் போல்ட் போட்டேன். தலை தொங்குகிறது, ஆடுகிறது. போல்ட்டை இறுக்கினால் பைப்தான் நசுங்குகிறது.

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இணைப்பு வளையாமல் நிற்பது போல்ட்டாலோ மரையாலோ இல்லை. ஒரு பைப் இன்னொன்றுக்குள் எவ்வளவு நீளம் போயிருக்கிறது, எவ்வளவு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் அந்தப் பலம் இருக்கிறது. போல்ட்டின் வேலை பைப் கழன்று வராமலும் சுழலாமலும் பிடித்துக்கொள்வது மட்டுமே.

சாக்கெட் தண்ணீர்க் குழாய்க்குச் செய்யப்பட்டது. உள்ளழுத்தம் தாங்கும், கசிவைத் தடுக்கும். வளைவு தாங்குவது அதன் வேலையில்லை. ஒன்றரை அங்குல மீடியம் ரக (நடுத்தரக் கனம்) பைப்பின் சுவர்க் கனம் 3.2 மி.மீ. அதில் வெட்டும் மரையின் ஆழமே ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. வந்துவிடும். மரையின் அடியில் பாதிக் கனம்தான் மிச்சம், அங்கே துத்தநாகப் பூச்சும் போய்விட்டது. சாக்கெட்டுக்கு வெளியே தெரிகிற கடைசி மரையைப் பாருங்கள், உங்கள் பைப் அந்தக் கோட்டில்தான் ஒடிந்திருக்கும்.

முதலில் இணைப்பு எந்த இடத்தில் வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பலரும் தூணுக்கு நேர் மேலே இணைப்பை வைத்தால் தூண் தாங்கிக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். பல தூண்கள் மேல் தொடர்ந்து ஓடும் பைப்புக்கு அது தவறு. பாரம் பரவலாக இருக்கும்போது வளைவு விசை மிக அதிகமாவது தூணுக்கு நேர் மேலேதான். அடுத்தபடி இரண்டு தூண்களுக்கு நடுவில். இவை இரண்டுக்கும் இடையே, தூணிலிருந்து இடைவெளியின் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு தூரத்தில், வளைவு ஏறக்குறைய இல்லாமல் போகும். 3 மீட்டர் இடைவெளியில் அது 60 முதல் 75 செ.மீ. இணைப்பை அங்கே வையுங்கள்.

6 மீட்டர் பைப்பை முதல் தூணிலிருந்து அப்படியே தொடங்கினால் எல்லா இணைப்பும் தூண் தலையிலேயே வந்து விழும். அதனால் வரிசையின் முதல் பைப்பில் மட்டும் 60 செ.மீ. வெட்டிவிட்டு 5.4 மீட்டராகத் தொடங்குங்கள். அதன்பிறகு வருகிற ஒவ்வொரு இணைப்பும் தானாகவே தூணுக்கு 60 செ.மீ. முன்னால் அமைந்துவிடும்.

அடுத்தது இணைக்கும் துண்டு. இந்த இடத்தில்தான் அளவு இடறும். ஒன்றரை அங்குல பைப்பின் வெளிவிட்டம் 48.3 மி.மீ., மீடியம் ரகத்தில் உள்விட்டம் 41.9. ஒன்றேகால் அங்குல பைப்பின் வெளிவிட்டம் 42.4. அரை மி.மீ. பெரிது, உள்ளே போகாது. லைட் ரகமானால் உள்விட்டம் 42.5 இருக்கும்; கணக்குப்படி போக வேண்டும், ஆனால் உள்ளே நீளவாக்கில் ஓடும் வெல்டு மேடு தடுக்கும். வெளியே இரண்டு அங்குல பைப்பை உறையாகப் போட்டாலோ உள்விட்டம் 53 மி.மீ., மொத்தத்தில் கிட்டத்தட்ட 5 மி.மீ. ஆட்டம். எந்தப் போல்ட்டும் அதை அடக்காது.

நல்ல வழி, அதே ஒன்றரை அங்குல பைப்பிலேயே உள்செருகு செய்துகொள்வது. 40 செ.மீ. நீளத் துண்டு வெட்டுங்கள். அதன் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தால் உட்சுவரில் ஒரு நீள மேடு தெரியும், அதுதான் வெல்டு. அந்த மேடு போகும்படி 25 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டையை முழு நீளத்துக்கும் கட்டிங் வீலால் அறுத்து எடுத்துவிடுங்கள். மிச்சத்தை வைஸில் வைத்துப் படிப்படியாக நெருக்கினால் வெளிவிட்டம் 42 மி.மீ. அளவுக்கு இறங்கும், பிளவு 5 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். ஒரே இடத்தில் நெருக்காதீர்கள், முட்டை வடிவமாகிவிடும். 5 செ.மீ.க்கு ஒருமுறை நகர்த்தி, சுற்றித் திருப்பி நெருக்க வேண்டும். முனைகளை அரத்தால் சற்றுச் சரித்துவிட்டு, வெளி பைப்பின் வெல்டு மேடு இந்தப் பிளவுக்குள் வரும்படி பிடித்துச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். கையால் தள்ளி உள்ளே போனால் அது லூசு. தட்டினால்தான் போக வேண்டும், ஆனால் பைப் வாய் விரியக் கூடாது.

பக்கத்துக்கு 20 செ.மீ. உள்ளே போகட்டும். 15-க்குக் கீழே இறங்காதீர்கள். செருகும் நீளம் பைப் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. இந்த உள்செருகுக்கு முழு பைப்பின் பலம் கிடையாது, முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் வரும். 60 செ.மீ. கணக்கை நான் வற்புறுத்துவது அதனால்தான். இடம் சரியாக அமைந்தால் முக்கால் பங்கே தாராளம்.

பொருத்தும்போது பிளவும் வெல்டு மேடும் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். உள்ளே போகும் மழைநீர் அந்த வழியே வடியும்.

போல்ட் ஓட்டையைப் பக்கவாட்டில் போடுங்கள், மேலிருந்து கீழாகப் போடாதீர்கள். கிடையாக இருக்கும் பைப் வளையும்போது மேல்விளிம்பும் அடிவிளிம்பும்தான் முழு விசையையும் தாங்குகின்றன. அங்கே ஓட்டை போட்டால் தாங்க வேண்டிய இரும்பையே எடுத்துவிடுகிறீர்கள். பக்கவாட்டின் நடுக்கோட்டில் விசை மிகக் குறைவு. 8 மி.மீ. போல்ட், 65 மி.மீ. நீளம், 9 மி.மீ. ஓட்டை. பைப் முனையிலிருந்து 4 செ.மீ.யில் ஒன்று, 12 செ.மீ.யில் ஒன்று, பக்கத்துக்கு இரண்டு. இரண்டு பைப்பையும் செருகையும் சேர்த்து வைத்து ஒரே தடவையில் துளையிடுங்கள். தனித்தனியாகத் துளைத்தால் ஓட்டை நேராக வராது. நைலான் வளையம் வைத்த நட்டு போட்டு, வாஷர் சுழலாத அளவுக்கு இறுக்கினால் போதும். வெறும் பைப்பில் அதற்கு மேல் இறுக்குவது நீங்கள் கம்பத்தில் பார்த்ததுபோல் நசுக்குவதில்தான் முடியும்.

வெயிலில் இரும்பு நீளும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காலைக்கும் உச்சி வெயிலுக்கும் பைப்பின் சூடு 30 டிகிரி வேறுபட்டால் 30 மீட்டர் வரிசை ஏறத்தாழ 11 மி.மீ. நீளும். ஒவ்வொரு 6 மீட்டருக்கும் அது 2 மி.மீ. சொச்சம். எல்லா இடத்தையும் வெல்டு வைத்துப் பிடித்துவிட்டால் இந்த நீட்சி முழுவதும் வெல்டின் மேல்தான் போய் விழும். உங்கள் விரிசலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இணைப்பில் ஒரு பக்கம் வட்ட ஓட்டை, மறுபக்கம் பைப்பில் மட்டும் ஓட்டையை நீளவாக்கில் 4 மி.மீ. கூடுதலாக அரத்தால் நீட்டிவிடுங்கள். இரண்டு பைப் வாய்களுக்கும் நடுவே 3 மி.மீ. சந்து விடுங்கள். அந்தப் பக்கத்துப் போல்ட்டுகளை மிதமாகவே இறுக்குங்கள். தூண் தலையில் பைப்பைப் பிடிக்க யூ கிளாம்ப் (யூ வடிவப் பிடி) போட்டிருந்தால் முனைத் தூணிலும் நடுத் தூண்களிலும் ஒரே மாதிரி இறுக்க வேண்டியதில்லை. ஒரு முனையை இறுக்கி, மற்றவை பைப் நகர விடும்படி இருந்தால் நல்லது.

இவ்வளவு பட்டறை வேலைக்கு வசதியில்லையென்றால் கட்டுமானச் சாரத்துக்குப் போடும் ஸ்லீவ் கப்ளர் பாருங்கள். சாரக் குழாயின் வெளிவிட்டமும் இதே 48.3 மி.மீ. என்பதால் உங்கள் பைப்பில் அப்படியே உட்காரும். வெளியே இரண்டு பாதியாக மூடி நட்டால் இறுக்குவது. பைப் வாய்கள் சரியாக அதன் நடுவில் சந்திக்க வேண்டும். பைப்புக்கு உள்ளே போய் விரிந்து பிடிக்கும் ஜாயின்ட் பின் என்று ஒன்றும் உண்டு. அதைப் பந்தலுக்கு எடுக்காதீர்கள்: நேராக நின்று அமுக்கப்படும் குழாய்க்கு அது சரி, இழுவையும் வளைவும் வந்தால் உருவிக்கொண்டு வரும்.

ஏற்கெனவே வெல்டு வைத்த இடங்களில் விரிசல் இல்லாதவற்றை அப்படியே விடலாம். துருவைக் கம்பித் தூரிகையால் வெள்ளையாகத் தேய்த்து, துத்தநாகம் மிகுந்த பெயின்ட் இரண்டு பூச்சு கொடுங்கள். சாதாரண அலுமினிய பெயின்ட் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், காவல் செய்யாது. இனி ஜி.ஐ. பைப்பில் வெல்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் இருபுறமும் 5 செ.மீ.க்குப் பூச்சை அரைத்து எடுத்த பிறகு, திறந்த வெளியில், காற்று வரும் பக்கம் நின்று வையுங்கள். துத்தநாகம் எரியும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் போல் உடம்பு தூக்கிப்போடும்.

இனி தொரட்டிக் கம்பம். செருகிய நீளம் 10 செ.மீ., இரண்டு பைப்புக்கும் இடையே ஆட்டம் 1 மி.மீ. என்று வையுங்கள். மேல் கம்பம் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் சாயும். 3 மீட்டர் மேலே தலை 3 செ.மீ. போகும். இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 3. செருகும் நீளத்தை 30 செ.மீ. ஆக்கினால் அதே ஆட்டத்துக்குத் தலை 1 செ.மீ.தான் போகும். மொத்த நீளம் 5.7 மீட்டராகக் குறையும், பரவாயில்லை.

மீதி ஆட்டத்தை இரண்டு இடத்தில் அடக்குங்கள். ஒன்று, கீழ்க் கம்பத்தின் வாய். எதிரெதிராக இரண்டு பிளவு, 4 செ.மீ. ஆழம். பிளவு முடியும் இடத்தில் 4 மி.மீ. ஓட்டை ஒன்று, அந்த ஓட்டை இல்லாவிட்டால் பிளவு விரிசலாக ஓடிக்கொண்டே இருக்கும். மேலே ஹோஸ் கிளிப் (சுற்றிப் போட்டுத் திருகி இறுக்கும் உலோகப் பட்டை) போட்டு இறுக்கினால் வாய் மேல் கம்பத்தைச் சுற்றிலும் கவ்வும், நசுக்காது. இரண்டு, உள்ளே போன மேல் கம்பத்தின் அடிமுனை. அங்கே மெல்லிய அலுமினியத் தகட்டையோ உறுதியான டேப்பையோ ஒரு சுற்றுச் சுற்றி, இறுக்கமாக இறங்கும்படி செய்யுங்கள். மேலும் கீழும் பிடித்துவிட்டால் நடுவில் எவ்வளவு சந்து இருந்தாலும் கவலையில்லை.

போல்ட் ஒன்றே ஒன்று, 6 மி.மீ., செருகின் நடுவில். தொரட்டியை இழுக்கும்போது மேல் கம்பம் உருவிக்கொண்டு வராமல் இருக்க அது வேண்டும். திருகிப் பூட்டும் மடக்குக் கம்பங்கள் இந்த வேலைக்கு உதவா. காம்பைத் திருகும் அதே அசைவில் பூட்டும் அவிழும். மண்ணும் காம்பிலிருந்து வடியும் பாலும் பட்டால் பிடிப்பே போய்விடும். ஸ்பிரிங் பொத்தான் பூட்டு இழுவையும் திருகலும் தாங்கும், ஆனால் ஆட்டத்தைக் குறைக்காது, கிளிப்பும் கூடவே வேண்டும்.

மேல் கம்பம் ஒடிவதாக இருந்தால் கீழ்க் கம்பத்தின் வாயோரத்தில்தான் ஒடியும். அந்த வாயின் உள்விளிம்பை அரத்தால் மழுக்கி உருட்டிவிடுங்கள். மேல் கம்பத்தின் உள்ளேயும், வாய் வரும் இடத்துக்கு மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ. இருக்கும்படி ஒட்டிப் பொருந்தும் பைப் துண்டு ஒன்றை இறக்கி வையுங்கள். கனமான பைப்பைக் கீழேயும் மெல்லியதை மேலேயும் வைப்பது கைவலியைக் குறைக்கும்.

கம்பத்தை நீட்டுவதற்கு முன்பு தோப்பின் மேல் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். 6 மீட்டர் அலுமினியக் கம்பத்தைத் தூக்கி நிறுத்தினால் ஆள் உயரத்தோடு சேர்த்து 7 மீட்டருக்கு மேல் போகும். கம்பி அருகில் இருக்கும் மரங்களுக்கு இந்தக் கம்பத்தையே எடுக்கக் கூடாது. கைப்பிடியில் ரப்பர் சுற்றியிருக்கிறது என்பதெல்லாம் உயிரைக் காக்காது.

போர்டோ கலவையோ வேறு தாமிர மருந்தோ அடிப்பவராக இருந்தால், அது அலுமினியத்தையும் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். மருந்து இணைப்பின் சந்துக்குள் தங்கினால் வெளியே தெரியாமலே உள்ளே அரித்து, வெள்ளைப் பொடி கட்டி, இரண்டு பைப்பும் பிரிக்க முடியாதபடி பிடித்துக்கொள்ளும். மருந்தடித்த பின் கம்பத்தைப் பிரித்துக் கழுவிக் காய வையுங்கள். செருகும் இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். பந்தலில் பிளவு கீழ்ப்பக்கம் இருந்தால் பெரும்பகுதி வடிந்துவிடும்.

பந்தலின் இழுகம்பியில் திடக் கம்பிகளை இணைக்க வேண்டியிருந்தால் இந்த உள்செருகெல்லாம் தேவையில்லை. அங்கே இழுவை மட்டும்தான். 12 மி.மீ. மரைக் கம்பிக்கு நீள நட்டு ஒன்று போதும், ஆனால் இரண்டு பக்கமும் குறைந்தது கம்பியின் விட்டத்தளவு, அதாவது 12 மி.மீ. மரை ஏறியிருக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க ஏறி மறுபக்கம் நான்கு சுற்று மட்டும் பிடித்திருப்பது வெளியிலிருந்து தெரியாது. கம்பிகளில் முன்பே பெயின்ட் கோடு போட்டுக்கொண்டு ஏற்றுங்கள். இருபுறமும் பூட்டு நட்டு வையுங்கள், காற்றின் அதிர்வில் அவிழும். பிறகு இறுக்க வேண்டிய இடத்தில் டர்ன்பக்கிள் (திருகினால் இரு கம்பிகளையும் இழுத்து இறுக்கும் இணைப்பு).

சில வரிசைகளுக்கு மூங்கில் போடுவதாக இருந்தால் ஆணி அடிக்க வேண்டாம், நீளவாக்கில் பிளந்துவிடும். கணுவை ஒட்டி வெட்டி, உள்ளே 30 செ.மீ. பைப் துண்டு செருகி, துளையிட்டே போல்ட் போட்டு, இருபுறமும் ஹோஸ் கிளிப் மாட்டுங்கள். பச்சை மூங்கில் காயக் காயச் சுருங்கும். முதல் இரண்டு மாதத்தில் இரண்டு தடவையாவது கிளிப்பை இறுக்க வேண்டியிருக்கும்.