வீட்டிலிருந்தே இறக்குமதி: இரண்டு லட்சத்தை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

கேள்வி இதுதான்: வீட்டில் இருந்தபடியே சீனாவிலிருந்து சின்னச் சின்னப் பொருட்களை இறக்குமதி செய்து விற்க முடியுமா, கையில் இரண்டு லட்சம் இருக்கிறது, அது போதுமா, எங்கே தொடங்குவது?

முடியும். நானும் என் தங்கையும் கோவையில் வீட்டு மாடி அறையை வைத்துக்கொண்டு இதைத்தான் செய்கிறோம். ரெசின் வேலைக்கும் மெழுகுவர்த்தி செய்வதற்கும் வேண்டிய சிலிக்கான் அச்சுகளை வரவழைத்து, வீட்டில் இருந்தபடி கைவினை செய்யும் பெண்களுக்கு விற்கிறோம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும் பெரும்பாலானோர் லைசென்ஸ் எப்படி எடுப்பது என்பதில்தான் தொடங்குகிறார்கள். அது இதில் மிகச் சுலபமான பகுதி. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் நினைத்திருக்கும் பொருளை நாட்டுக்குள் விடுவார்களா, அது உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது ஒரு பீஸ் என்ன அடக்கவிலைக்கு நிற்கும், இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் ஒரு ரூபாயைக்கூட அனுப்பாதீர்கள்.

லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டிஜிஎஃப்டி என்ற வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் தளத்தில் ஐஈசி, அதாவது ஏற்றுமதி-இறக்குமதி எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அரசுக் கட்டணம் 500 ரூபாய், பான் கார்டும் முகவரிச் சான்றும் கேன்சல் செய்த செக்கும் போதும். இதை எடுத்துத் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் போக வேண்டியதில்லை, நீங்களே உட்கார்ந்து செய்துவிடலாம். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதே தளத்தில் போய் விவரங்களை உறுதி செய்ய வேண்டும், விட்டுவிட்டால் எண் செயலிழந்துவிடும், சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். ஜிஎஸ்டி பதிவுக்கு வீட்டு முகவரியையே கொடுக்கலாம். வீடு அப்பா பெயரில் இருந்தால் அவரிடம் ஒரு சம்மதக் கடிதம், கூடவே ஈபி பில் அல்லது சொத்து வரி ரசீது. அப்புறம் ஒரு கரண்ட் அக்கவுண்ட், அந்த வங்கியிலிருந்து ஏடி கோடு, அதாவது அந்நியச் செலாவணிக்கான வங்கி எண் உள்ள கடிதம் வாங்கி, சரக்கு வரப்போகும் துறைமுகத்துக்கு ஐஸ்கேட் என்ற கஸ்டம்ஸ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இதை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளுங்கள். சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் மட்டும் ஜிஎஸ்டி எடுக்காதீர்கள், ஏன் என்று கீழே வரும்.

இனி பொருள். பலருக்கும் முதலில் தோன்றுவது பொம்மை. நானும் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், அதைத் தொடாதீர்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தரச்சான்று கட்டாயம், வெளிநாட்டுப் பொம்மை என்றால் அதைச் செய்யும் தொழிற்சாலையே பிஐஎஸ் உரிமம் வைத்திருக்க வேண்டும், நீங்கள் இங்கே இருந்துகொண்டு வாங்க முடியாது. வரியும் 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆக்கினார்கள். பவர் பேங்க், சார்ஜர், எல்ஈடி விளக்கு போன்றவற்றுக்கும் தயாரிப்பாளரின் பிஐஎஸ் பதிவு வேண்டும். ப்ளூடூத் இருக்கும் எதுவாக இருந்தாலும் அதன்மேல் டபிள்யூபிசி, அதாவது தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவின் அனுமதி. அழகுசாதனப் பொருள் என்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவு, உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இறக்குமதி உரிமம். இவை எல்லாம் பெரிய கம்பெனிகளுக்குச் சரி, இரண்டு லட்சத்தோடு வருபவருக்கு அல்ல. அலிபாபாவில் சப்ளையர் சிஈ, ஆர்ஓஹெச்எஸ் போன்ற ஐரோப்பியச் சான்றிதழ்கள் என்று நாலைந்து பிடிஎஃப் அனுப்புவார், இந்திய கஸ்டம்ஸில் அவை பிஐஎஸ்ஸுக்கு ஈடாகாது.

எந்தச் சான்றும் தேவையில்லாத பொருளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கஸ்டம்ஸ் பொருளை வகைப்படுத்தும் எட்டு இலக்க ஹெச்எஸ் எண்ணைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் சிலிக்கான் அச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சமையல் உபயோகம் என்று பார்த்தால் எண்ணின் முதல் நான்கு இலக்கம் 3924, பொதுவான பிளாஸ்டிக் பொருள் என்றால் 3926, வார்ப்பு அச்சு என்று பார்த்தால் 8480. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனையும் வரியும் தனி. சப்ளையர் தன் இன்வாய்ஸில் என்ன எண் போட்டிருக்கிறார் என்பது இங்கே செல்லாது, இங்கே இருக்கும் அதிகாரி எதை ஏற்பார் என்பதுதான் கணக்கு. அதனால் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், பொருளின் படம், எதனால் செய்தது, எதற்குப் பயன்படுகிறது என்று எழுதி, சிஎச்ஏ ஒருவரிடம், அதாவது கஸ்டம்ஸ் புரோக்கரிடம் கேளுங்கள். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடமும் கேளுங்கள். இருவரும் ஒரே எண்ணைச் சொன்னால் நிம்மதி.

எண் தெரிந்ததும் வரிக் கணக்கு. ஒரு உதாரணம் போடுகிறேன், அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம், இறக்குமதியின்போது கட்டும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி 18 என்று வைத்துக்கொள்வோம். பொருள் ஒரு லட்சம், கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து 20,000, ஆக மதிப்பு 1,20,000. இதில் 10 சதவீதம் 12,000. அந்த வரியின்மேல் சமூக நல மேல்வரி 10 சதவீதம், 1,200. இதுவரை கூட்டினால் 1,33,200. இந்த மொத்தத்தின்மேல் 18 சதவீதம் 23,976. ஆக வரி மட்டும் 37,176, மதிப்பில் 30.98 சதவீதம். இந்த 30.98 என்ற எண்ணை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லக் கேட்பீர்கள். இதில் ஐஜிஎஸ்டியான 23,976 ரூபாய், நீங்கள் விற்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிந்துவிடும், காம்போசிஷனில் இருந்தால் கழியாது, அதனால்தான் மேலே வேண்டாம் என்றேன். ஆனால் கழிவதற்கு முன்னால் அந்தப் பணம் கையில் இருந்து கட்டியாக வேண்டும். இரண்டு லட்சத்தையும் பொருளுக்கே அனுப்பிவிட்டால் வரி கட்டப் பணம் இல்லாமல் சரக்கு கிடங்கில் நிற்கும், நாள் வாடகை ஏறும். அதனால் முதல் ஆர்டரில் பொருளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போகாதீர்கள், சொல்லப்போனால் அறுபது எழுபதாயிரத்தில் தொடங்குவதே நல்லது.

அடுத்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத செலவு. கப்பலில் ஒரு முழு கண்டெய்னர் எடுக்க நமக்கு வசதி இல்லை, எல்சிஎல் என்று பலருடைய சரக்கோடு சேர்த்து அனுப்புவார்கள். சப்ளையர் 'சிஐஎஃப் சென்னை (சென்னை வரை கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை), கப்பல் கூலி மிகக் குறைவு' என்று ஆசை காட்டுவார். இது எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தது. கப்பல் கூலி கிட்டத்தட்ட இலவசம் என்றுதான் சரக்கு ஏறியது, சென்னையில் இறங்கியதும் ஃபார்வர்டர், அதாவது சரக்குப் போக்குவரத்து ஏஜெண்ட், அனுப்பிய பில்லில் டிஓ (சரக்கை விடுவிக்கும் ஆணை) கட்டணம், டிஹெச்சி (துறைமுகத்தில் சரக்கைக் கையாளும் கட்டணம்), சிஎஃப்எஸ் (கண்டெய்னர் கிடங்கு) கட்டணம், டீஸ்டஃபிங் (கண்டெய்னரிலிருந்து சரக்கை இறக்குவது), டாகுமெண்டேஷன் என்று வரிசையாக வந்து, பொருளின் விலையைத் தொட்டுவிட்டது. கட்டாமல் டிஓ தரமாட்டார்கள், டிஓ இல்லாமல் சரக்கு வெளியே வராது. அந்த ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுத்தது சப்ளையர், இவர் பேரம் பேச வழியே இல்லை. அதனால் எஃப்ஓபி விலையில், அதாவது அங்கே கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலையில் வாங்குங்கள், ஃபார்வர்டரை நீங்கள் இங்கே பிடியுங்கள், இந்தியாவில் வசூலிக்கப்போகும் எல்லாக் கட்டணத்தையும் ஒவ்வொன்றாக மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு சரக்கை ஏற்றச் சொல்லுங்கள். எல்சிஎல்லில் சரக்கு சின்னதாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரு சிபிஎம், அதாவது ஒரு கன மீட்டர் கணக்குத்தான் போடுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

முதல் ஆர்டருக்கு நான் கூரியரையே சொல்வேன். கிலோவுக்கு விலை அதிகம்தான், ஆனால் கிளியரன்ஸ் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், கேஒய்சியும் ஐஈசியும் ஜிஎஸ்டியும் கொடுத்தால் போதும். ஒன்றைக் கவனியுங்கள், கூரியரில் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள், பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வரும் எண்ணும் கணக்கு, எது அதிகமோ அதற்குத்தான் காசு. சிலிக்கான் அச்சை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், எங்களுக்கு ஒத்துவருகிறது. பஞ்சு பொதிந்தது, கூடை மாதிரி உள்ளே காலியாக இருப்பது எல்லாம் கூரியருக்கு ஆகாது.

இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடட்டுமா, பரிசு என்று எழுதட்டுமா என்று சப்ளையரே கேட்பார். வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்லுங்கள். இதே பொருள் மற்றவர்களுக்கு என்ன விலையில் வந்திருக்கிறது என்று கஸ்டம்ஸில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், மாட்டினால் சரக்கும் போகும், அபராதமும் வரும். தவிர, நீங்கள் வங்கி வழியாக அனுப்பிய தொகையும் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் எண்ட்ரியில் இருக்கும் தொகையும் பொருந்தியாக வேண்டும், இல்லாவிட்டால் வங்கிக் கணக்கில் அந்த அனுப்புகை முடியாமலே நிற்கும்.

பணம் அனுப்புவதில் 30 சதவீதம் முன்பணம், மீதி சரக்கு கிளம்பும் முன் என்பது வழக்கம். மீதியை அனுப்புவதற்கு முன் பெட்டிகளைத் திறந்து வீடியோ காட்டச் சொல்லுங்கள், நாங்கள் அச்சை இரண்டு விரலால் இழுத்துக் காட்டச் சொல்வோம், மட்டமான சிலிக்கான் என்றால் இழுத்த இடம் வெளுக்கும். பாதியில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மெயில் வந்தால் நிறுத்திவிட்டு வீடியோ காலில் முகம் பார்த்துக் கேளுங்கள். மெயிலை ஹேக் செய்து பணம் பிடுங்கும் கும்பல்கள் இருக்கின்றன.

பாக்கெட்டாக விற்கும் பொருள் என்றால் லேபிளில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எம்ஆர்பி, அளவு அல்லது எண்ணிக்கை, தயாரித்த மாதம், வருடம், புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும், அதற்கு எடை அளவுச் சட்டப் பதிவும் வேண்டும். லேபிளை இங்கே டிசைன் செய்து அனுப்பி, அங்கேயே ஒட்டி வரச் செய்வது உத்தமம்.

கடைசியாக, ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் சென்னைக்குப் போய் சௌகார்பேட்டையிலும் பாரிமுனையிலும் அதே பொருளை மொத்த விலையில் விசாரியுங்கள். 40 அடி கண்டெய்னரில் இறக்குபவர்கள் அங்கே இருக்கிறார்கள், சில பொருட்களை உங்கள் அடக்கவிலைக்கும் கீழே தருவார்கள். அப்படிப்பட்ட பொருளை இறக்குமதி செய்ய அவசியமே இல்லை, அங்கே வாங்கி விற்றாலே லாபம். மெழுகுவர்த்தித் திரியையும் டின் டப்பாவையும் நாங்கள் இன்றும் சௌகார்பேட்டையில்தான் எடுக்கிறோம், அங்கே கிடைக்காத டிசைன் அச்சுகள் மட்டும்தான் வெளியிலிருந்து வருகின்றன.