சுட்ட சீனி பெட்டிக்குள்ளேயே உருகுகிறதே, என்ன செய்வது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறேன். வீட்டிலேயே கஸ்டர்ட் டார்ட் செய்து, மேலே சீனி தூவி, கேஸ் டார்ச்சில் சுட்டு விற்கிறேன். சுட்ட கையோடு கரண்டியால் தட்டினால் படீரென்று உடைகிறது. ஈப்போவுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தால் மேலே பாகு ஓடி, அடியில் மாவும் நமத்துக் கிடக்கிறது. டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்கு 300 டார்ட் கேட்டிருக்கிறார்கள். பேக்கிங் வகுப்பு நடத்தும் ஒருவர் ‘உருகாத சீனி’, கஸ்டர்ட் பிரிமிக்ஸ், டார்ச், வகுப்புச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து 680 ரிங்கிட் என்கிறார். ஹலால் ஸ்டிக்கரும் ‘பார்த்து எடுத்துக் கொடுக்கிறேன்’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. முன்பணம் கேட்டால் அதையும் கொடுக்காதீர்கள். உங்கள் கைப்பக்குவத்தில் பெரிய குறை ஒன்றும் இல்லை. தட்டினால் உடைகிறது என்றால் சீனியைச் சரியாகத்தான் சுட்டிருக்கிறீர்கள். தப்பு, சுட்ட பிறகு அதைப் பயணம் அனுப்புவதில் இருக்கிறது.

சீனி 160 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் நிறம் மாறத் தொடங்கும். உருகி, பொன்னிறமாகி, ஆறியதும் ஓடாக இறுகிவிடும். அந்த ஓட்டுக்குள் ஈரமே இருக்காது என்பதால் அக்கம்பக்கத்தில் உள்ள ஈரத்தையெல்லாம் அது இழுக்கும். மேலே நம் ஊர்க் காற்று. அடைமழை மாதங்களில் பொரித்த அப்பளம் எவ்வளவு நேரம் மொறுமொறுப்பாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கீழே கஸ்டர்ட், அதில் பெரும்பகுதி தண்ணீர். இரண்டு பக்கமும் ஈரம் இருக்க, பெட்டியையும் மூடிவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஓடு பிசுபிசுக்கும், இரண்டு மணி நேரத்தில் பாகாகிவிடும். குளிர்பெட்டியில் வைத்தால் தப்பிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே இன்னும் மோசம். வெளியே எடுத்தவுடன் மேலே வியர்த்து, அந்தத் தண்ணீரிலேயே கரையும். மேலே சீனி சுட்ட டார்ட்டைக் குளிர்பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள்.

இதைத் தடுக்கிற பொடி எதுவும் கிடையாது. ‘உருகாத சீனி’ என்று அவர் காட்டியது பெரும்பாலும் டோனட் மேல் தூவுகிற வெள்ளைப் பொடியாகத்தான் இருக்கும். டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைப் பொடியோடு மாவும் எண்ணெய்க் கொழுப்பும் சேர்த்துச் செய்வது. கொழுப்பு மேலே பூசியிருப்பதால் ஈரம் உள்ளே இறங்காது, பொடியும் வெள்ளையாகவே நிற்கும். டோனட்டுக்கு அது நல்ல பொருள்தான். ஆனால் அதை டார்ச்சில் காட்டினால் ஓடாக இறுகாது. கருகி, எண்ணெய் வாடை அடிக்கும். பேக்கரி சாமான் கடையில் சாதாரண விலைக்குக் கிடைப்பதைப் புது டப்பாவில் மாற்றி, புதுப் பெயர் ஒட்டி விற்கிறார்கள். பிரிமிக்ஸ் கதையும் அதுதான். முன்கூட்டியே வேகவைத்துக் காயவைத்த மாவுச்சத்து, சீனி, பால் பொடி, வாசனை, நிறம். பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால் எல்லாம் எழுதியிருக்கும். பெயர்ச் சீட்டே இல்லாத பாக்கெட்டைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், இந்த வகுப்புகளுக்குப் பணம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பத்துப் பெண்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடும் போய், தாமான் வீட்டுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டு, அடுப்பங்கரையிலிருந்தே நாலு காசு பார்க்கலாம் என்று வருகிறவர்கள். அவர்களிடம் கற்றுத்தருவதாகச் சொல்லி, சாமானைத் தலையில் கட்டுகிறார்கள். ஒரு வகுப்பு நல்லதா என்று அறிய ஒரே கேள்வி போதும்: ‘இந்தப் பொருளை வேறு கடையில் வாங்கினால் உங்கள் செய்முறை வருமா?’ பதிலுக்கு இழுத்தால் அது வகுப்பு அல்ல, கடை.

இனி வழிக்கு வருகிறேன். சீனியைத் தனியாகச் சுட்டு, தனியாகக் கொண்டுபோங்கள். 200 கிராம் சீனியை 60 மில்லி தண்ணீரோடு அடிகனமான சட்டியில் வையுங்கள். சீனி கரைந்து கொதி வந்த பிறகு கரண்டி போட்டுக் கிளறாதீர்கள், கிளறினால் மறுபடியும் சீனிக் கல்லாகிவிடும். தேன் நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, எண்ணெய் தடவிய தட்டிலோ சிலிக்கோன் விரிப்பிலோ மெல்லியதாக ஊற்றிப் பரப்புங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. கொதிக்கிற தண்ணீரைவிட இது பல மடங்கு மோசமாகச் சுடும், தோலில் ஒட்டிக்கொண்டு விடாது. ஆறியதும் டார்ட் அளவுக்குச் சில்லுகளாக உடைத்து, காற்றுப் புகாத டின்னில் பேக்கிங் தாள் இடையிட்டு அடுக்கி, உணவுக்கு ஏற்ற ஈர உறிஞ்சிப் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடுங்கள். நாலைந்து நாள் மொறுமொறுப்பு போகாது. விருந்தாளி உட்காரும்போது டார்ட்டுக்கு ஒரு சில்லு. கடித்தால் அதே சத்தம், அதே லேசான கசப்பு.

அங்கேயே சுட்டுக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கணக்குப் போடுங்கள். ஒரு டார்ட்டுக்கு அரை நிமிடம் என்றாலும் 300 டார்ட்டுக்கு இரண்டரை மணி நேரம். கடைசி டார்ட்டைச் சுட்டு முடிக்கும்போது முதல் டார்ட் பாகாகியிருக்கும். மூன்று பேர் மூன்று டார்ச்சோடு நின்றால் ஐம்பது நிமிடத்தில் முடியும். அதற்கு மண்டபத்துக்காரர் நெருப்புக்குச் சம்மதிக்க வேண்டும், அடியில் உலோகத் தட்டு வேண்டும், பேக்கிங் தாள் மேல் வைத்துச் சுடவே கூடாது. புது கேஸ் டின்னை மாட்டிய உடனே தலைகீழாகச் சாய்த்தால் தீ நாக்கு நீண்டு சீறும். முதலில் நிமிர்த்திப் பிடித்துக் கொஞ்ச நேரம் எரியவிட்டு, பிறகுதான் சாய்க்க வேண்டும். தூவுகிற சீனி, பொடி மணலாக இருக்கும் காஸ்டர் சீனிதான். ஐசிங் சீனியில் சோளமாவு கலந்திருப்பதால் ஓடு மங்கிப்போகும். கஸ்டர்ட் மேல் ஈரத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, மெல்லியதாக ஒரு தடவை தூவிச் சுட்டு, அதன் மேல் இன்னொரு தடவை தூவிச் சுடுங்கள். கித்துல், குலா மலாக்கா போன்ற வெல்ல வகை எல்லாம் இதற்கு வேண்டாம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐசோமால்ட் என்று ஒரு பொருள் இருக்கிறது. பீட் சர்க்கரையிலிருந்து செய்வது. கேக் அலங்காரத்தில் கண்ணாடிப் பூ, கண்ணாடித் துண்டு செய்கிறார்களே, அதுதான். சாதாரணச் சீனியைவிட மிகக் குறைவாகவே ஈரத்தை இழுக்கும் என்பதால் அதில் செய்த ஓடு பெட்டியில் கூடுதல் நேரம் தாங்கும். இதைச் சொன்னவுடன் ‘அப்படியானால் பொடி இருக்கிறதே’ என்பீர்கள். பொறுங்கள். ஐசோமால்ட் சீனி போலப் பொன்னிறமாகாது. நிறமே இல்லாமல் கண்ணாடியாகவே நிற்கும். சுட்ட சீனியின் மணமும் வராது, இனிப்பும் சீனியில் பாதிதான். நீங்கள் விற்பதோ அந்தச் சுட்ட மணத்தை. பாதி ஐசோமால்ட், பாதி சீனி என்று கலந்து செய்தால் மணமும் கொஞ்சம் கிடைக்கும், தாங்கும் நேரமும் கொஞ்சம் கூடும், ஆனால் இரண்டுமே அரைகுறை. அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும், சிலருக்குப் பேதியாகும். ஒரு டார்ட் மேல் இருக்கிற அளவு பெரியவரை ஒன்றும் செய்யாது. கல்யாணத்தில் ஒரு பிள்ளை நாலைந்தை எடுத்துத் தின்னும். அதனால் கலந்தால் கலந்திருக்கிறது என்று வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும். இன்னொன்று, இதை வைத்து ‘சர்க்கரை நோயாளிக்கு ஏற்ற டார்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். அடியில் கோதுமை மாவும் உள்ளே சீனி போட்ட கஸ்டர்டும் அப்படியேதான் இருக்கின்றன. நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இனிப்பு நீர் என்று உங்களுக்கே தெரியும், அந்த ஒரு வரியை நம்பி ஒரு பாட்டி மூன்று டார்ட் சாப்பிட்டுவிடுவார். வாங்கினாலும் பேக்கரி சாமான் கடையில் பெயர் பார்த்து வாங்குங்கள், ஏஜெண்டிடம் வேண்டாம்.

அடி மாவு நமப்பதற்கு வருகிறேன். 250 கிராம் கோதுமை மாவு, 125 கிராம் வெண்ணெய், 80 கிராம் ஐசிங் சீனி, ஒரு முட்டை. பகல் பன்னிரண்டு மணிக்கு நம் அடுப்பங்கரையில் வெண்ணெய் கைபட்ட உடனே உருகும், அதனால் காலையிலோ இரவிலோ பிசையுங்கள். பிசைந்த மாவை ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, அச்சில் அழுத்தி, முள்கரண்டியால் குத்தி, தாள் போட்டு மேலே பச்சைப்பயறு நிரப்பி 180 டிகிரியில் சுடுங்கள். பத்து நிமிடத்தில் பயறை எடுத்துவிட்டு, அடி பொன்னிறமாகும் வரை மறுபடி சுடுங்கள். வெளுத்த அடிதான் முதலில் நமத்துப்போகும். சூடாக இருக்கும்போதே உட்பக்கம் அடித்த முட்டையை மெல்லப் பூசி, இரண்டு நிமிடம் அடுப்பில் விட்டால் ஒரு பூச்சுப் பிடித்துக்கொள்ளும். வீட்டு ஓவனில் எண் ஒன்று சொல்லும், உள்ளே சூடு ஒன்று இருக்கும். உள்ளே வைக்கிற ஓவன் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அந்த 680 ரிங்கிட்டில் செலவழிக்கத் தகுந்தது அது ஒன்றுதான்.

கஸ்டர்டை அடுப்பிலேயே காய்ச்சுங்கள். அரை லிட்டர் முழுக் கொழுப்புப் பால், ஐந்து மஞ்சள் கரு, 100 கிராம் சீனி, 40 கிராம் சோளமாவு, இறக்கும்போது 30 கிராம் வெண்ணெய். பாண்டான் இலை ஒன்றைப் பாலில் போட்டால் வெனிலா தேவையில்லை. சின்ன டார்ட் இருபதுக்கு மேல் வரும். கரு போட்டிருக்கிறதே, கொதித்தால் திரிந்துவிடும் என்று பயந்து பலர் கெட்டியானவுடன் இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் அது நீர்த்துப்போகும். மஞ்சள் கருவில் மாவுச்சத்தை அறுக்கும் ஒரு நொதி இருக்கிறது, கொப்புளம் விட்டுக் கொதித்தால்தான் அது சாகும். சோளமாவு இருப்பதால் கரு திரியாது. கொதி வந்த பிறகும் கைவிடாமல் ஒரு நிமிடம் கிளறுங்கள். சந்தான் (தேங்காய்ப்பால்) வேண்டாம், சீக்கிரம் கெடும்.

காய்ச்சிய கஸ்டர்டை உடனே ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, கல்யாணத்தன்று காலையில் மட்டும் மாவுக் கிண்ணத்தில் நிரப்புங்கள். பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஈப்போ ரொட்டிக்கடைகளில் முட்டை டார்ட் பெட்டி பெட்டியாகப் போகிறதே என்றால், அதன் மேல் சீனி ஓடு கிடையாது. 1989இல் சீனாவை ஒட்டிய மக்காவ் நகரின் கொலோவான் பகுதியில் ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் விற்கத் தொடங்கிய போர்ச்சுகீசு டார்ட்டின் கரும்புள்ளியும் ஓவனின் கடும் சூட்டில் கஸ்டர்டின் மேற்பரப்பே கருகி வருவது. அதனால் உருக ஒன்றுமில்லை. தினசரி ஈப்போ ஆர்டருக்கு அந்த வகைக்கு மாறுவதையும் யோசியுங்கள்.

கடைசியாக அந்த ஸ்டிக்கர். இந்த நாட்டில் ஹலால் சான்றிதழ் தருகிற அதிகாரம் மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமுக்கும் மாநில இஸ்லாமிய சமய அமைப்புகளுக்கும்தான். வேறு யார் ‘எடுத்துக் கொடுக்கிறேன்’ என்றாலும் அது போலி. 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் ஒட்டிய நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். முஸ்லிம் நண்பர்கள் கேட்டால் என்னென்ன பொருள் போட்டேன் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.எம். எனும் நிறுவன ஆணையத்தில் வியாபாரப் பதிவு, உங்கள் சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைப்பெயர் வைத்தால் 60. அதற்கு நூற்றுக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ‘செய்து தருகிறேன்’ என்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அந்த வேலையை உங்கள் பிள்ளை கைப்பேசியிலேயே செய்து தருவான். டைபாய்டு ஊசி மூன்று வருடத்துக்கு ஒரு முறை, உணவு கையாள்வோர் பயிற்சி, இரண்டையும் முடித்து வையுங்கள்.

இவ்வளவு எளிமையான விஷயத்தை ஏன் தரகர் கையில் கொடுக்கிறார்கள் என்றால், அரசாங்க அலுவலக முகப்பில் யாரும் ஒழுங்காக எடுத்துச் சொல்வதில்லை. ஒரு முகப்பில் அங்கே போய்க் கேள் என்பார்கள், அங்கே போனால் இங்கே முதலில் முடித்துவிட்டு வா என்பார்கள். படிவம் தமிழில் இல்லை, பல இடங்களில் விளக்குகிற ஆளும் இல்லை. வீட்டில் டார்ட் சுடுகிற பெண்ணுக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதிக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை, அந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார். நீங்கள் அலைச்சலுக்கு அஞ்சாதீர்கள். போகும்போது யார் என்ன சொன்னார் என்று தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முகப்பில் அந்தத் தாளைக் காட்டினால் பேச்சு மாறும்.

கல்யாண வீட்டாரிடம் இந்த வாரமே பேசுங்கள். மண்டபத்தில் 300 டார்ட் கொள்கிற குளிர்பெட்டி உண்டா, பரிமாறுகிறவர்களில் இரண்டு பேர் சில்லு வைக்க வருவார்களா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் 300 டார்ட்டையும் சீனி ஓடு இல்லாமல், போர்ச்சுகீசு வகையில் செய்து தருவதாகச் சொல்லி விலையைப் பேசி முடித்த பிறகே முன்பணம் வாங்குங்கள்.