கடல் வழியாகக் கிரேக்கம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகன் அடுத்த ஆண்டு எங்கள் இருவரையும் கிரேக்கத்துக்குக் கப்பலில் அனுப்பப் போவதாகச் சொல்கிறான். இரண்டு ஏற்பாடுகளைப் பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று, மூவாயிரம் பேர் போகும் பெரிய கப்பல். நீச்சல் குளம், நாடக அரங்கு எல்லாம் உண்டு. இன்னொன்று, நூறு பேருக்கும் குறைவாகப் போகும் சிறிய கப்பல். ஏதென்ஸ் பக்கத்திலிருந்து கிளம்பி டெலோஸ், சாண்டோரினி, மோனெம்வாசியா, நாஃப்பிலியோ, கொரிந்து கால்வாய், டெல்ஃபி என்று பழைய இடங்களாகவே போட்டிருக்கிறார்கள். தொல்லியல் படித்த ஒருவரும் கூட வருவாராம். ஆனால் விலை முதலாவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

என் கணவருக்கு மனமே இல்லை. "தஞ்சாவூரிலும் மதுரையிலும் கோயில் முழுசாக நிற்கிறது. அங்கே போய் இடிந்த தூணைப் பார்க்க இவ்வளவு பணமா? போயே ஆகணும்னா ஏதென்ஸில் இறங்கி பஸ்ஸில் சுற்றினால் போதாதா?" என்கிறார். எனக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம் வேறு. என்ன செய்யலாம்?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

சிறிய கப்பலில் போங்கள். வசதி இடம் கொடுத்தால் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மகன் கடன் வாங்கி அனுப்புவதாக இருந்தால் வேண்டாம். அப்போது உங்கள் கணவர் சொல்லும் பஸ் பயணமே மேல். பெரிய கப்பலை மட்டும் தயங்காமல் தள்ளிவிடுங்கள். அது கப்பலிலேயே பொழுதைக் கழிக்க விரும்புகிறவர்களுக்கானது. நீங்கள் போவது இத்தனை வருடம் வகுப்பில் நடத்திய இடங்களைப் பார்க்க.

கணவரின் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பஸ் போதாதா? டெல்ஃபி, மைசீனி போன்ற இடங்களுக்குப் போதும். அவை உள்நாட்டில் இருப்பவை. கப்பலில் போனாலும் கரையில் இறங்கி பஸ் ஏறித்தான் ஆகவேண்டும். ஆனால் பழைய கிரேக்க ஊர்களில் மிகப் பல கடலை நம்பி எழுந்தவை. குறுக்கும் நெடுக்குமாக மலை ஓடும் நாடு அது. பக்கத்து ஊருக்கு மலையேறிப் போவதைவிடப் படகில் போவது சுலபம். ஓர் ஊர் ஏன் அங்கே எழுந்தது, எப்படிப் பணம் சேர்த்தது என்பதற்கெல்லாம் விடை அநேகமாக அதன் துறைமுகத்தில் இருக்கும். கார் நிறுத்துமிடத்தில் இறங்கிப் போகிறவர் அந்த ஊருக்குள் கொல்லைப்புறம் வழியாக நுழைகிறார்.

இதைக் கிரேக்கர்களே சொல்லியிருக்கிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பாசேனியஸ் என்பவர் கிரேக்கத்தைச் சுற்றிப் பார்த்து ஊர் ஊராக எழுதி வைத்தார். அகழாய்வு செய்பவர்களுக்கு இன்றும் அவர் துணை வேண்டியிருக்கிறது. அவர் எழுத்து ஏதென்ஸ் நகர வாசலில் தொடங்குவதில்லை, கடலில் தொடங்குகிறது. ஏதென்ஸுக்குத் தெற்கே கடலுக்குள் நீளும் சூனியோன் முனையைச் சுற்றினால் துறைமுகமும் உச்சியில் ஒரு கோயிலும் தெரியும், அப்புறம் ஏதென்ஸ்காரர்களின் வெள்ளிச் சுரங்கம் இருந்த லாரியோன் என்று போகிறது. ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றில் நின்ற அதீனா தேவியின் வெண்கலச் சிலையைச் சொல்லும்போதும், சூனியோனிலிருந்து கப்பலில் வருகிறவர்களுக்கு அவளுடைய ஈட்டி முனையும் தலைக்கவசத்தின் கொண்டையும் தெரியும் என்கிறார். அந்தச் சிலை இன்று இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கடல் தெய்வம் பொசைடனுக்குக் கட்டிய சூனியோன் கோயிலின் தூண்கள் நிற்கின்றன. கப்பல் கிளம்பும் அன்று கேபினில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்காமல் மேல்தளத்துக்கு வந்து நில்லுங்கள்.

ஏதென்ஸ் பக்கம் என்று நீங்கள் எழுதியிருப்பது லாவ்ரியோவாக இருக்கலாம். சிறிய கப்பல்கள் சில அங்கிருந்து புறப்படுகின்றன. பாசேனியஸ் சொல்லும் அதே சுரங்க ஊர்தான் அது. கி.மு. 483 வாக்கில் அங்கே நிறைய வெள்ளி கிடைத்தபோது குடிமக்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. தெமிஸ்டாக்ளிஸ் என்ற தலைவர் அதைத் தடுத்து அந்தப் பணத்தில் போர்க்கப்பல் கட்ட வைத்தார். கி.மு. 480இல் ஏதென்ஸுக்குப் பக்கத்துச் சலாமிஸ் தீவின் கடலில் அந்தக் கப்பல்களிடம் பாரசீகக் கடற்படை தோற்றது. ஒரு போர்க்கப்பலில் மூன்று அடுக்காக உட்கார்ந்து 170 பேர் துடுப்பு வலித்தார்கள். அவர்களில் நிலபுலன் இல்லாத ஏழைக் குடிமக்கள் ஏராளம். நகரத்தின் காவல் அவர்கள் கைக்கு வந்தபின் அவர்கள் பேச்சையும் கேட்டாக வேண்டியதாயிற்று. ஏதென்ஸ் மக்களாட்சியை நீங்கள் எத்தனையோ முறை நடத்தியிருப்பீர்கள். அதற்குப் பணம் வந்த இடத்திலிருந்து உங்கள் கப்பல் கிளம்பப் போகிறது.

சரி, டெலோஸ். உங்கள் பட்டியலில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். மிக்கோனோஸுக்குப் பக்கத்தில் மூன்றரைச் சதுர கிலோமீட்டர்கூடத் தேறாத தீவு. மரம் அரிது, தண்ணீர் குறைவு, விளைச்சல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அப்பல்லோ என்ற தெய்வம் பிறந்த மண் என்பதால் புண்ணியத் தலமானது. கி.மு. 478இல் ஏதென்ஸ் தலைமையில் அமைந்த கூட்டணி தன் கருவூலத்தை இங்கே வைத்தது, கி.மு. 454இல் அதை ஏதென்ஸ் தன் ஊருக்கே கொண்டுபோய்விட்டது. பிறகு கி.மு. 426 வாக்கில், தீவைத் தூய்மையாக்குகிறோம் என்று கல்லறைகளைத் தோண்டி எதிரே இருக்கும் ரெனியா தீவுக்கு மாற்றினார்கள். இனி இங்கே யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று விதி. பிரசவ வலி கண்டவளையும் சாகக் கிடப்பவரையும் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கி.மு. 166இல் ரோம் இதைச் சுங்கம் இல்லாத துறைமுகமாக ஆக்கியது. கப்பல்கள் குவிந்தன. இத்தாலியரும் சிரியரும் எகிப்தியரும் யூதரும் வந்து குடியேறினார்கள். எகிப்துத் தேவி இசிஸுக்குக் கோயில், சிரியத் தெய்வங்களுக்குக் கோயில், யூதர்களின் தொழுகைக்கூடம், பெய்ரூட் வணிகர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சங்கக் கட்டடம் எல்லாவற்றின் அடித்தளமும் அங்கே கிடக்கிறது. கி.மு. 88இல் ரோமோடு போரிட்ட மித்ரிடேட்டஸ் அரசனின் படை சூறையாடியது. கி.மு. 69இல் கடற்கொள்ளையர். அதன்பின் ஊர் தலையெடுக்கவில்லை. மேலே வேறு பெரிய ஊர் எழும்பாததால், 1870களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தோண்டத் தொடங்கியபோது ஊர் தெருத்தெருவாக வெளியே வந்தது.

கணவரின் முதல் கேள்விக்கு நான் இங்கேதான் பதில் சொல்வேன். நமக்குக் கோயில் மிஞ்சியது, அதைச் சுற்றி வாழ்ந்தவர்களின் வீடு மிஞ்சவில்லை. ராஜராஜன் கட்டியது நிற்கிறது. அந்தக் காலத்துத் தஞ்சாவூர்த் தெரு ஒன்றில் நாம் நடக்க முடியாது. பல மொழி பேசும் வெளிநாட்டார் கலந்து வாழ்ந்த துறைமுகம் என்று பட்டினப்பாலை புகாரைச் சொல்கிறது. அந்தத் தெருக்களும் நமக்கு இல்லை. டெலோஸில் கோயில்கள் பெரும்பாலும் அடித்தளமாகத்தான் கிடக்கின்றன, அதில் அவர் சொல்வது சரி. ஆனால் வெளிநாட்டார் கலந்து வாழ்ந்த துறைமுகத் தெரு அப்படியே இருக்கிறது. அரங்கத்துக்கு ஏறும் சந்தில் இரண்டு பக்கமும் கடை வாசல்கள். கால்வைக்கும் பலகைக் கல்லுக்கு அடியில் சாக்கடை ஓடுகிறது. வீட்டு முற்றத்துக்குக் கீழே மழைநீர்த் தொட்டி. சில வீடுகளின் சுவர்ப் பூச்சில் யாரோ கூரான எதையோ வைத்துக் கப்பல் படம் கீறியிருக்கிறார்கள்.

அந்தச் சந்தில் கிளியோபாட்ரா வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். எகிப்து ராணி இல்லை, ஏதென்ஸிலிருந்து வந்து குடியேறிய ஒரு வீட்டம்மா. கி.மு. 138 வாக்கில் தன் கணவர் டியோஸ்கூரிடிஸின் சிலையை வீட்டுக்குள் நிறுத்தினாள், பக்கத்தில் தன் சிலையையும். இப்போது அந்த இடத்தில் நிற்பவை நகல்கள். இரண்டுக்கும் தலை இல்லை. பீடத்தில், அப்பல்லோ கோயிலுக்கு வெள்ளியில் இரண்டு முக்காலிகள் கொடுத்தவர் என் கணவர் என்று வெட்டியிருக்கிறது. நம் கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயர் எழுதுகிறவர்களுக்கு அந்த அம்மாளின் மனசு புரியும். அவள் மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய துணியைக் கிட்டே போய்ப் பாருங்கள். அதற்கு அடியில் உள்ள கனமான அங்கியின் மடிப்புகள் மேல்துணி வழியாகத் தெரியும்படி பளிங்கில் செதுக்கியிருக்கிறார்கள். நான் அந்த இரண்டு சிலைகள் முன்னால் வெகுநேரம் நின்றேன். பளிங்குச் சிங்கங்களின் வரிசையைப் பார்க்க எல்லோரும் ஓடுவார்கள். நீங்களும் பாருங்கள், ஆனால் நேரம் குறைவாக இருந்தால் இந்த வீட்டை விடாதீர்கள்.

இதே டெலோஸில் அடிமைச் சந்தையும் நடந்தது. ஒரே நாளில் பதினாயிரக்கணக்கில் அடிமைகளை இறக்கி விற்று அனுப்ப அங்கே வசதி இருந்தது என்று பழைய கிரேக்கப் புவியியல் எழுத்தாளர் ஸ்டிராபோ எழுதுகிறார். எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம். வியாபாரம் நடந்ததில் சந்தேகம் இல்லை. எந்த இடத்தில் நடந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. மொசைக் தரையையும் பளிங்கு மடிப்பையும் ரசிக்கும்போது அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதும் மனதில் இருக்கட்டும். உங்களோடு வரும் தொல்லியல்காரரிடம் இதைக் கேளுங்கள். நல்லவராக இருந்தால் மழுப்பாமல் பேசுவார்.

சாண்டோரினியில் வெள்ளை வீடுகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். நீங்கள் நேரே அக்ரோதிரிக்குப் போய்விடுங்கள். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் மூடிய ஊர். 1967இல் மரினாட்டோஸ் என்ற கிரேக்கத் தொல்லியலாளர் தோண்டத் தொடங்கினார். மாடி வீடுகளும் தானியத் தாழிகளும் கிடைத்தன, மனித எலும்புக்கூடு கிடைக்கவில்லை. முன்கூட்டியே கிளம்பிப் போயிருக்கிறார்கள். அதன்மேல் கூரை போட்டிருப்பதால் வெயிலும் இல்லை.

அடுத்து மோனெம்வாசியா, அப்புறம் வடக்கே நாஃப்பிலியோ. மோனெம்வாசியாவுக்குத் தெற்கே மலேயா முனை இருக்கிறது. காற்றும் அலையும் கப்பலைப் புரட்டும் இடம். ஹோமரின் காவிய நாயகன் ஒடிசியஸ் வழி தவறியதே அங்கேதான் என்பது கதை. மலேயாவைச் சுற்றப் போகிறாயா, வீட்டை மறந்துவிடு என்று மாலுமிகளிடம் ஒரு பழமொழி இருந்ததாக ஸ்டிராபோ எழுதியிருக்கிறார். அந்த முனைக்குப் பயந்துதான் கொரிந்து பணக்கார ஊரானது. இரண்டு கடலுக்கும் நடுவே ஆறேழு கிலோமீட்டர் அகலத் தரை. கி.மு. 600 வாக்கில் அதன் குறுக்கே கல் பாவிய இழுவைப் பாதை போட்டுச் சரக்கையும் சில சமயம் கப்பலையுமே இழுத்துப் போனார்கள். ரோமப் பேரரசன் நீரோ கால்வாய் வெட்டத் தொடங்கினான், முடியவில்லை. 1893இல்தான் திறந்தார்கள். நீளம் 6.3 கிலோமீட்டர், நீர்மட்டத்தில் அகலம் ஏறத்தாழ 25 மீட்டர். மூவாயிரம் பேர் கப்பல் அதற்குள் நுழையவே முடியாது. உங்கள் கப்பலை ஓர் இழுவைப் படகு முன்னால் நின்று இழுத்துப் போகும். இரண்டு பக்கமும் செங்குத்தாக வெட்டிய பாறை. மலேயாவைத் தவிர்க்க இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக மனிதர்கள் பட்ட பாட்டுக்குள்ளே போகிறீர்கள். இதற்காக மட்டுமே சிறிய கப்பலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் ஒன்று, 2021இல் மண் சரிந்து கால்வாயை மூடினார்கள், பிறகு பழுது பார்ப்பதற்காக விட்டுவிட்டுத் திறந்தார்கள். உங்கள் தேதியில் திறந்திருக்குமா என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

முழங்கால் விஷயம். டெலோஸில் தரை மேடுபள்ளம், நிழலே கிடையாது. கைத்தடி, தொப்பி, தண்ணீர் வேண்டும். கிந்தோஸ் குன்று 112 மீட்டர்தான் என்றாலும் ஏற வேண்டாம். நாஃப்பிலியோவிலிருந்து அழைத்துப் போகும் எபிதாரஸ் அரங்கில் 55 வரிசைகள். கணவரை மேலே அனுப்பிவிட்டு நீங்கள் கீழே நடுவில் நின்று சாதாரணக் குரலில் பேசுங்கள், அவருக்குக் கேட்கிறதா பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி காற்று அடிக்கும். டெலோஸுக்குப் படகே விடாத நாட்கள் உண்டு. மே மாதம் அல்லது செப்டம்பர் கடைசி நல்லது.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. கிரேக்கர்களுக்கு விரத நாட்கள் நிறைய என்பதால் எண்ணெயில் சமைத்த காய்கறி, பெரிய வெள்ளை மொச்சை, சாண்டோரினியின் மஞ்சள் பருப்பு மசியல் எல்லாம் கிடைக்கும். மீன் சாறு, கோழிச் சாறு கலக்கக்கூடாது என்பதை மட்டும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கப்பலுக்கு முன்னால் ஏதென்ஸில் இரண்டு மூன்று நாள் தங்குங்கள். அக்ரோபொலிஸுக்கு 2023 முதல் நாளுக்கு 20,000 பேர் என்று வரம்பு. நேரம் குறித்த சீட்டு முன்பே வாங்க வேண்டும். பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். டெலோஸில் எத்தனை மணி நேரம் இறக்கிவிடுவார்கள்? மூன்று மணி நேரத்துக்குக் குறைவென்றால் வேறு கப்பல் பாருங்கள். வழியில் துருக்கிக் கரையைத் தொடுமா? தொட்டால் திரும்பவும் கிரேக்கத்துக்குள் நுழைய வேண்டியிருக்கும். பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவாக வாங்குங்கள், துருக்கிக்கான அனுமதி தனி.