புதையல் காசு வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் மேலூர் பக்கம். என் தாய்மாமாவிடம் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் பழக்கமாகியிருக்கிறார்கள். அஸ்திவாரம் தோண்டும்போது செம்புப் பானையில் தங்கக் காசு கிடைத்ததாம். டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் படையோடு வந்தபோது பாண்டியர்கள் புதைத்ததாம். ஒரு காசைக் கொடுத்து, "உரசிப் பார்த்துக்கோங்க" என்றார்கள். மதுரை தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடையில் காட்டினோம், நல்ல தங்கம்தான். அரைக் கிலோவை 4 லட்சத்துக்குத் தருகிறார்களாம். மாமா அத்தை நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். இந்தக் கதைகளில் உண்மை உண்டா? வாங்கலாமா? நம் நிலத்திலேயே கிடைத்தால் என்ன செய்வது?

பதில்: முதலில் மாமாவை நிறுத்துங்கள். கதையை அப்புறம் பேசலாம்.

அரைக் கிலோ 4 லட்சம் என்றால் கிராம் 800 ரூபாய். அந்த விலைக்குத் தங்கம் விற்க யாருக்கும் அவசியம் இல்லை. அந்த ஒரு காசு நிஜத் தங்கமாகத்தான் இருக்கும், அதில்தான் மோசடியே இருக்கிறது. நீங்கள் உரசிப் பார்ப்பது அதை மட்டும். பணம் கொடுக்கும் அன்று கைக்கு வருவது முலாம் பூசிய பித்தளை. பானையில் ஒட்டிய மண்ணும் பாசியும்கூட அவர்கள் ஏற்பாடுதான். சரக்கைக் கடைக்கு எடுத்துப் போகலாம் என்றால், "போலீஸுக்குத் தெரிந்துவிடும்" என்று தடுப்பார்கள்.

சரி, கதைக்கு வருவோம். மாலிக் காபூர் 1311-ல் மதுரைக்கு வந்தது வரலாறு. பாண்டியர் குடும்பத்தில் அப்போது அண்ணன் தம்பிச் சண்டை. படை நெருங்கியதும் அரசர் ஊரை விட்டுப் போய்விட்டார். தெற்கிலிருந்து டெல்லிக்குப் போன யானைகள் 612 என்று டெல்லி வரலாற்றாசிரியர் பரணி எழுதுகிறார், டெல்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ 512 என்கிறார். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டாலும், செல்வத்தை வாரிக்கொண்டு போனார்கள் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பயந்த காலத்தில் மக்கள் பொன்னைப் புதைத்திருப்பார்கள் என்பதையும் நான் மறுக்க மாட்டேன். நம் மண்ணில் தங்கம் கிடைத்திருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898-ல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. 2020-ல் திருவானைக்காவல் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது ஒரு பித்தளைப் பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து எடை 1.716 கிலோ, காசுக்கு மூன்றரை கிராம்கூட இல்லை. அவை போன இடம் அரசுக் கருவூலம். எனக்குத் தெரிந்த உண்மையான புதையல்கள் இப்படித்தான், யாரும் தேடாத நேரத்தில் கிடைக்கும், கணக்கில் ஏறும். அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கூறுபோட்டு விலைக்கு வராது.

ஒருவேளை நிஜமாகவே இருந்தாலும் வாங்கக் கூடாது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கு பறிபோகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. மறைத்ததை வாங்குகிறவருக்கும் தலைவலிதான். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள், அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும்.

உங்கள் நிலத்தில் கிடைத்தால் பயப்பட வேண்டாம். யாருடையது என்று தெரியாத புதையலில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்கிறது அதே சட்டம். அரசே எடுத்துக்கொள்ள நினைத்தால் அந்த உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். நேர்மையாகச் சொன்னவருக்குச் சட்டம் நியாயமாகத்தான் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாமல் போனது எனக்கு வருத்தம்.

கோயில் கலசத்தில் இரிடியம் என்ற விலை உயர்ந்த உலோகம் இருக்கிறது, விற்றுத் தருகிறோம் என்று வருபவர்களும் இதே மாதிரி மோசடிக் கூட்டம்தான்.

மாமா முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் நுகர்வோர் நீதிமன்றம் கைகொடுக்காது. பில்லும் இல்லை, விற்றவர் சொன்ன பெயரும் நிஜமாக இருக்காது. அந்தக் காசை உருக்காமல், செல்போன் எண்களோடு காவல் நிலையத்தில் ஒப்படைத்து மோசடிப் புகார் கொடுங்கள். அவர்கள் கூப்பிடும் தோப்புக்கோ மலையடிவாரத்துக்கோ யாரும் பணத்தோடு போக வேண்டாம், அங்கே அடித்துப் பிடுங்கவும் செய்வார்கள்.